பார்த்தலும் பார்த்துக்கொள்ளுதலும்: தொலைநிலை நோயாளர் கண்காணிப்பில் கருவிக்கு அப்பால்

இதயச் செயலிழப்பு உள்ளவருக்குப் பெரும்பாலும் எடைமேடைதான் முதலில் சேதி சொல்லும். இதயம் இரத்தத்தைச் சரியாகத் தள்ளாதபோது சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. சில நாளில் இரண்டு கிலோ ஏறிவிடும். கணுக்கால் வீங்கும், செருப்பு இறுகும், படுத்தால் மூச்சு முட்டும், தலையணை ஒன்று இரண்டாகும். அந்தச் சில நாளுக்குள் நீர் பிரியும் மாத்திரையின் அளவை யாராவது கூட்டிவிட்டால் மருத்துவமனைக்குப் போகாமலே தப்பிக்கலாம்.

அந்த ‘யாராவது’ யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உடலில் அணியும் கருவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உணரியின் துல்லியத்தையே சுற்றிவருகிறது. சான்றுகளைப் படித்தால் இடறல் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் வாதம்.

ஆப்பிள் கைக்கடிகாரத்தை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தனர். கடிகாரத்தின் அடியிலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாயும். இரத்தம் அதை உறிஞ்சும் அளவு துடிப்புக்குத் துடிப்பு மாறும். அந்த மாற்றத்தில் ஒழுங்கு தவறினால் எச்சரிக்கை வரும். 2,161 பேருக்கு வந்தது. அவர்கள் காணொளியில் மருத்துவரிடம் பேசி, அஞ்சலில் வரும் ஈ.சி.ஜி. பட்டையை மார்பில் ஒட்டிச் சில நாள் அணிந்து திருப்பியனுப்ப வேண்டும். ஆய்வுக்கு உதவும்படி திரும்பிவந்தவை 450. அவற்றில் 34 சதவீதத்தில் இதயத்தின் மேலறை நடுக்கம் என்ற ஒழுங்கற்ற துடிப்பு பதிவாகியிருந்தது. (வந்து வந்து போகும் நோய் இது, மற்றவை எல்லாம் பொய் எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது.) பட்டை ஒட்டியிருந்த நேரத்தில் கடிகாரம் எச்சரித்தபோது 84 சதவீதம் சரியாக இருந்தது. உணரி தன் வேலையைச் செய்தது. எச்சரிக்கை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வெவ்வேறு காரணங்களால் வழியிலேயே உதிர்ந்தார்கள்.

இதயச் செயலிழப்பு ஆய்வுகளில் இந்த இடறல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. யேல் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் 1,653 பேரிடம் நடந்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோயாளி தினமும் தொலைபேசியில் அழைத்து, பதிவுக் குரல் கேட்கும் கேள்விகளுக்கு எண் பொத்தானை அழுத்திப் பதில் தர வேண்டும். பதில்களை வார நாள்களில் ஒருவர் பார்ப்பார். ஆறு மாதத்தில் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் கண்காணிப்புப் பிரிவில் 52.3 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 51.5 சதவீதம். 14 சதவீதத்தினர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. இயந்திரக் குரலுக்கு நாள் தவறாமல் பதில் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? தமிழில் ‘பார்ப்பது’ வேறு, ‘பார்த்துக்கொள்வது’ வேறு. இங்கே நடந்தது முன்னது மட்டும்.

2018இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 1,571 பேர் சேர்க்கப்பட்டனர். எடை, இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., விரலில் மாட்டும் கருவி தரும் ஆக்சிஜன் அளவு, ‘இன்று எப்படி இருக்கிறேன்’ என்ற சுயமதிப்பு ஆகியவை தினமும் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனைக்குப் போயின. அங்கே இரவு பகலாக மருத்துவரும் செவிலியரும் இருந்தனர். எக்காரணத்தாலும் நேர்ந்த மரணம், 100 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த கணக்கில், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 11.34, கண்காணிப்புப் பிரிவில் 7.86.

ஆளை உட்காரவைத்தால் போதும் என்று இங்கேயே முடித்துவிட முடியாது. ஏறத்தாழ இதே அணி 710 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட முதல் ஆய்விலும் 24 மணிநேர மருத்துவர் இருந்தார், மரணம் குறையவில்லை. இரண்டாம் முறை, முந்தைய ஓராண்டுக்குள் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்தவர்களை மட்டும் எடுத்தனர். கடும் மனச்சோர்வு உள்ளவர்களை விலக்கினர். நிலையாக இருப்பவரை எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் தடுக்க வேண்டியது அதிகமிருக்காது. எனவே என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்: பார்ப்பவர் யார் என்பதோடு, பார்க்கப்படுபவர் யார் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. மனச்சோர்வுள்ளவரை விலக்கிப் பெற்ற வெற்றி அவருக்கு எந்த வழியும் சொல்லவில்லை என்பது தனிக் குறை.

கட்டணம் எதற்கு என்பதிலும் பார்ப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ஜெர்மனியில் பொதுக் காப்பீட்டில் எதைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் கூட்டுக் குழு, 2020 டிசம்பரில் இதயச் செயலிழப்புக் கண்காணிப்பை ஏற்றபோது, தொலைமருத்துவ மையத்தின் கடமைகளையும் விதியில் எழுதியது. அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் 2019இல் தொடங்கிய முறையில், கருவிக்கான மாதக் கட்டணம் பெற 2025 வரை 30 நாளில் குறைந்தது 16 நாள் அளவீடு வந்திருக்க வேண்டியிருந்தது. பார்த்துப் பேசும் 20 நிமிடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 16ஆம் நாள் காலை எடைமேடையில் ஏறியிருந்த இரண்டு கிலோவை அன்று மாலைக்குள் யாராவது பார்த்தார்களா என்பது கருவிக் கட்டணத்தின் கணக்கில் வராது.