அமெரிக்கக் கவுண்டி நீதிமன்ற ஆவணங்கள்: வரலாறும் தேடும் முறையும்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள ஆட்சிப் பிரிவு கவுண்டி. நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாம் என்றாலும் பல கவுண்டிகள் பரப்பிலும் மக்கள்தொகையிலும் மிகச் சிறியவை. நாடு முழுவதும் 3,100க்கும் மேற்பட்ட கவுண்டிகளும் அவற்றுக்கு இணையான பிரிவுகளும் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை ஊரகப் பகுதிகள். பெரும்பாலான கவுண்டிகளுக்கு ஒரு தலைநகர் உண்டு. அது சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூராகவும் இருக்கலாம். அந்த ஊரின் நடுவே நிற்கும் நீதிமன்றக் கட்டடத்தில்தான் அப்பகுதியின் வழக்குகள், உயில்கள், நிலப் பத்திரங்கள், திருமணப் பதிவுகள் ஆகியவை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடக்கின்றன.

இந்த ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பது அமெரிக்கச் சட்ட மரபு. ஆனால் பார்க்கும் உரிமை இருப்பதும் தேடிய ஆவணம் கைக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. தீ, போர், ஈரம், பட்டியல் இல்லாமை ஆகியவை சட்டம் திறந்துவைத்த கதவைப் பலமுறை அடைத்திருக்கின்றன.

தொடக்கம்

கவுண்டி முறை இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களுடன் வந்தது. வர்ஜீனியா குடியேற்றம் 1634இல் எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி நீதிமன்றம் அமைந்தது. அவற்றுள் ஒன்றான அக்காமாக், பின்னர் நார்த்தாம்ப்டன் எனப் பெயர் மாறியது. அதன் நீதிமன்றப் பதிவுகள் 1632 முதல் இடைவெளியின்றிக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் மிகப் பழைய கவுண்டி நீதிமன்றப் பதிவுகள் இவையே. ஈஸ்ட்வில் என்ற சிற்றூரில் அவை பாதுகாக்கப்படுகின்றன.

இந்தப் பதிவேடுகள் இல்லாவிட்டால் வரலாற்றின் சில பக்கங்கள் தெரியாமலே போயிருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, விடுதலை பெற்று, நிலம் வாங்கிய ஆண்டனி ஜான்சன் என்பவர் அங்கே வாழ்ந்தார். அவரிடம் வேலை செய்த ஜான் கேசர், தன் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி அண்டை வீட்டாரிடம் சென்றார். 1655இல் கவுண்டி நீதிமன்றம் கேசரை ஜான்சனிடமே திருப்பி அனுப்பியது. குற்றம் எதற்கும் தண்டனையாக அல்லாமல், உரிமை வழக்கில் ஒரு மனிதரை வாழ்நாள் முழுவதும் இன்னொருவருக்கு உரியவராக நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தொடக்ககால நிகழ்வுகளில் ஒன்றாக வரலாற்றாளர்கள் இதைக் கருதுகின்றனர்.

கிளார்க் என்னும் அலுவலர்

நீதிமன்ற ஆவணங்களின் பொறுப்பாளர் கிளார்க் எனப்படுகிறார். தமிழில் இச்சொல் குமாஸ்தாவைக் குறிக்கும். அமெரிக்கக் கவுண்டியில் கிளார்க் என்பவர் ஓர் உயர் அலுவலர். பல மாநிலங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கைப் பதிவு செய்வது, கட்டணம் வாங்குவது, ஆவணத்தைப் பாதுகாப்பது, சான்றிட்ட நகல் தருவது ஆகியவை இவருடைய கடமைகள்.

பணிப் பங்கீடு மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். மிசிசிப்பியில் குற்ற வழக்குகளும் இழப்பீட்டு வழக்குகளும் சர்க்யூட் கிளார்க்கிடம் இருக்கும். நிலப் பத்திரமும் உயிலும் சான்சரி கிளார்க்கிடம் இருக்கும். தவறான அலுவலகத்தில் கேட்டால் ‘இங்கே இல்லை’ என்ற பதிலே வரும். ஆவணமே இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

பார்க்கும் உரிமை

நீதிமன்றம் மக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும், அதன் பதிவுகளும் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கருத்து பொதுச் சட்ட மரபில் வேரூன்றியது. பழைய ஆங்கில வழக்கத்தில் ஆவணத்தைக் கேட்பவர் தனக்கு அதில் என்ன தொடர்பு என்று காட்ட வேண்டியிருந்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தக் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தின. ‘நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ்’ வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் பொதுவான உரிமை உண்டு என ஏற்றது. அது எல்லையற்ற உரிமை அல்ல என்பதையும் அதே தீர்ப்பு கூறியது. தனிப்பட்ட பகைக்காகவோ அவதூறுக்காகவோ ஆவணம் பயன்படும் எனக் கருதினால் நீதிபதி மறுக்கலாம்.

1966இல் இயற்றப்பட்ட தகவல் சுதந்திரச் சட்டம் இங்கே பொருந்தாது. அது நடுவண் அரசின் நிர்வாகத் துறைகளுக்கு மட்டுமே உரியது. நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. கவுண்டி நீதிமன்றங்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டமும் நீதிமன்ற விதிகளுமே வழிகாட்டும். வர்ஜீனியாவின் தகவல் உரிமைச் சட்டம் அம்மாநிலக் குடிமக்களுக்கு மட்டும் பயன்படுவதை 2013இல் ‘மெக்பர்னி எதிர் யங்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் நீதிமன்ற ஆவணங்களை வெளிமாநிலத்தவரும் பார்க்க அம்மாநிலத்தின் வேறொரு சட்டம் இடமளிப்பதை அத்தீர்ப்பே சுட்டிக்காட்டியது.

சிறார் வழக்கு, தத்தெடுப்பு, கிராண்ட் ஜூரி விசாரணை ஆகியவை பொதுவாக மூடிய ஆவணங்கள். குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உள்ளதா என்று மறைவாக ஆராயும் குடிமக்கள் குழுவே கிராண்ட் ஜூரி. நீதிபதி முத்திரையிட்டு மூடிய வழக்குகளையும் பார்க்க முடியாது.

தீயும் போரும்

பழைய நீதிமன்றக் கட்டடங்கள் பலவும் மரத்தால் ஆனவை. விளக்கும் கணப்பும் எரிந்த அந்தக் கட்டடங்கள் தீப்பிடிப்பது அரிதல்ல. ஆவணங்களைப் பெருமளவில் இழந்தவற்றை வம்சாவளி ஆய்வாளர்கள் ‘எரிந்த கவுண்டிகள்’ என்றே அழைக்கின்றனர்.

வர்ஜீனியாவின் ஹனோவர் கவுண்டி இதற்குத் துயரமான எடுத்துக்காட்டு. உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக் கருதி அதன் ஆவணங்கள் ரிச்மண்ட் நகருக்கு அனுப்பப்பட்டன. வேறு சில கவுண்டிகளும் அவ்வாறே செய்தன. 1865 ஏப்ரல் 3 அன்று, தென்னகப் படைகள் நகரை விட்டு வெளியேறியபோது பரவிய தீயில் அவை எரிந்தன. காப்பாற்ற எடுத்துச் சென்றதே அழிவுக்குக் காரணமானது.

அண்மைக் காலத்திலும் இழப்பு நின்றுவிடவில்லை. வட கரோலினாவின் பிராங்ளின் கவுண்டியில், நீதிமன்ற நிலவறையில் கிடந்த பழைய காகிதங்கள் 2013 டிசம்பரில் எரிக்கப்பட்டன. பூஞ்சை பிடித்து உடல்நலத்துக்குத் தீங்காகிவிட்டன என்று காரணம் கூறப்பட்டது. அவற்றைப் பிரித்துப் பட்டியலிட முயன்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர்.

இந்த இழப்பின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகள் தனிப் பட்டியலில், உரிமையாளர் பெயரின் கீழ், வயது, பால், நிறம் ஆகிய குறிப்புகளுடன் பதிவாயினர். பெரும்பாலும் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. விடுதலைக்குப் பின் வந்த 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் முதன்முதலாக இடம்பெற்றன. அதற்கு முன் ஒரு குடும்பத்தைத் தேடுவோருக்கு எஞ்சும் முக்கிய வழிகளில் ஒன்று கவுண்டி ஆவணம். உயிலிலும் சொத்துப் பிரிவினை வழக்கிலும் அடிமைகள் பெயருடன், சில இடங்களில் தாய், பிள்ளை என்ற உறவுடன், சொத்தாகக் குறிக்கப்பட்டனர். ஒரு நீதிமன்றம் எரிந்தால், ஒரு குடும்பத்தின் முன்னோர் பெயர் எழுதப்பட்ட ஒரே இடமும் அழிந்துவிடலாம்.

தேடும் முறை

முதலில் எந்தக் கவுண்டி என்று உறுதி செய்ய வேண்டும். கவுண்டிகள் காலந்தோறும் பிரிந்தன. பிரிந்தபோது பழைய ஆவணங்கள் தாய்க் கவுண்டியிலேயே தங்கின. வர்ஜீனியாவின் அகஸ்டா கவுண்டி ஒரு காலத்தில் மேற்கே மிசிசிப்பி ஆறு வரை உரிமை கொண்டாடியது. இன்றைய மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி பகுதிகளில் குடியேறியவர்களின் தொடக்ககால வழக்குகளை அதனால் ஸ்டாண்டன் நகரில் தேட வேண்டியுள்ளது. மிசிசிப்பியின் டல்லாஹாச்சி போன்ற சில கவுண்டிகளுக்கு இரண்டு தலைநகர்கள். அங்கே இரண்டு நீதிமன்றங்களிலும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பெயரடைவு. வாதிகளுக்கு ஒன்று, பிரதிவாதிகளுக்கு ஒன்று எனப் பெயரடைவுகள் இருக்கும். பழைய அடைவுகளில் பெயர்கள் முதலெழுத்துப்படி மட்டும் தொகுக்கப்பட்டு, அதற்குள் வழக்கு வந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கும். எனவே ஓர் எழுத்தின் கீழுள்ள எல்லாப் பெயர்களையும் வாசிக்க நேரும். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெயரடைவு வழக்கு எண்ணைத் தரும். வழக்குப் பதிவேடு அந்த வழக்கில் எந்த நாளில் என்ன தாக்கலானது என்று காட்டும். நடவடிக்கைப் புத்தகம் நீதிமன்ற ஆணைகளைத் தரும். மனு, சாட்சி வாக்குமூலம், பிடிவாரண்ட் போன்ற தனித் தாள்கள் கட்டாகக் கட்டி வேறிடத்தில் இருக்கும். வழக்கின் உயிரோட்டமான செய்திகள் இந்தத் தனித் தாள்களில்தான் உள்ளன. எளிதில் தொலைபவையும் இவையே.

நேரில் செல்ல இயலாதவர்கள் ஆண்டு, பெயர், வழக்கு வகை ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கிளார்க்குக்குக் கடிதம் எழுதலாம். சிறிய அலுவலகங்களில் ஊழியர்கள் சிலரே இருப்பதால், குறிப்பு தெளிவாக இருந்தால்தான் தேடுவது எளிதாகும். தேடும் கட்டணமும் நகல் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மிகப் பழைய ஆவணங்கள் மாநில ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம்.

கணக்கெடுப்பு, நுண்படம், இணையம்

கவுண்டிகளில் என்னென்ன ஆவணங்கள் உள்ளன என்பதே 1930கள் வரை யாருக்கும் முழுமையாகத் தெரியாது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அரசு தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டத்தின் பகுதியாக ‘வரலாற்று ஆவணக் கணக்கெடுப்பு’ 1935இல் உருவானது. லூதர் எவான்ஸ் அதன் இயக்குநர். பின்னாளில் அவர் காங்கிரஸ் நூலகத்தின் தலைவராகவும் யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். வேலையிழந்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் நீதிமன்றங்களின் மேல்மாடங்களிலும் நிலவறைகளிலும் புகுந்து, கிடைத்ததைப் பட்டியலிட்டனர். அந்தப் பட்டியல்கள் இன்றும் பயன்படுகின்றன.

1938இல் யூட்டா வம்சாவளிக் கழகம் ஆவணங்களை நுண்படச் சுருள்களில் பதியத் தொடங்கியது. அதன் வழிவந்த பேமிலிசர்ச் நிறுவனம், உலகெங்கும் எடுத்த சுமார் 24 லட்சம் சுருள்களை மின்னணு வடிவுக்கு மாற்றும் பணியை 2021இல் முடித்தது.

இணையம் வந்தபின் நடுவண் நீதிமன்ற வழக்குகள் ‘பேசர்’ என்னும் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணத்தில் கிடைக்கின்றன. கவுண்டி நீதிமன்றங்கள் அதில் அடங்கா. விஸ்கான்சின், மிசூரி போன்ற மாநிலங்கள் தம் கவுண்டிகளின் வழக்குகளை ஒரே தளத்தில் தேட வழி செய்துள்ளன. ஆனாலும் கணினிக் காலத்துக்கு முந்தைய வழக்குகளுக்குப் பெரும்பாலும் பழைய பதிவேடே துணை.

லிங்கனைத் தேடிய ஆய்வாளர்கள்

ஆபிரகாம் லிங்கன் 1836இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். குடியரசுத் தலைவராவதற்கு முன் இல்லினாய் மாநிலத்தின் ஊரகக் கவுண்டிகளில் நீதிபதியுடன் ஊர் ஊராகச் சென்று வழக்காடினார். அந்த வழக்குகளைத் திரட்டும் திட்டம் 1980களில் தொடங்கியது. ஒரு பெரும் இடர் முன்னே நின்றது. பெயரடைவுகள் வழக்காடிய தரப்பினரின் பெயரையே தந்தன, வழக்கறிஞரின் பெயரை அல்ல. எனவே ஆய்வாளர்கள் கவுண்டி கவுண்டியாகச் சென்று அக்காலக் கட்டுகளைப் பிரித்து, லிங்கனின் பெயரையோ கையெழுத்தையோ தேடினர். பல தாள்களை நினைவுப் பொருள் திரட்டுவோர் முன்பே எடுத்துச் சென்றிருந்தனர். ஆயினும் 2000இல் வெளியான தொகுப்பில் 5,000க்கும் மேற்பட்ட வழக்குகளும் 90,000க்கும் மேற்பட்ட ஆவணங்களும் இடம்பெற்றன.

லெஃப்ளோர் கவுண்டியில் கிடைத்த வாரண்ட்

1955 ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியின் லெஃப்ளோர் கவுண்டியிலிருந்து எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். உடல் டல்லாஹாச்சி கவுண்டியில் ஆற்றில் கிடைத்ததால் விசாரணை அங்குள்ள சம்னர் நீதிமன்றத்தில் நடந்தது. வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட ராய் பிரையண்ட், ஜே. டபிள்யூ. மைலம் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில் அவர்கள் ஒரு பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டனர். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது என்பதால் சட்டம் அவர்களைத் தொடவில்லை.

அவ்விசாரணையின் எழுத்துப் பதிவு பல்லாண்டுகள் காணாமல் போயிருந்தது. 2004இல் நடுவண் அரசு வழக்கை மீண்டும் ஆராயத் தொடங்கிய பின்னரே ஒரு மங்கிய நகல் கிடைத்தது. எஃப்.பி.ஐ. அதை மறுபடி தட்டச்சு செய்தது.

2022 ஜூனில் டில்லின் உறவினர்களும் அடங்கிய குழு ஒன்று லெஃப்ளோர் கவுண்டி நீதிமன்றத்தின் நிலவறையில் தேடியது. அங்கே பெட்டிகள் பத்தாண்டு வாரியாக மட்டுமே வைக்கப்பட்டிருந்தன. ஒரு பெட்டிக்குள் இருந்த கோப்பில், ராய் பிரையண்டின் மனைவி கரோலினைக் கடத்தல் குற்றத்துக்காகக் கைது செய்யச் சொல்லும் பிடிவாரண்ட் இருந்தது. நாள் 1955 ஆகஸ்ட் 29. அப்படியொரு வாரண்ட் உண்டு என்று அக்கால நாளிதழ்கள் எழுதியிருந்தன. அவருக்குச் சிறு குழந்தைகள் இருப்பதால் தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்று அன்றைய ஷெரீப் கூறியதும் செய்தியாகியிருந்தது. கிடைத்த தாள் உண்மையானது என்று கவுண்டியின் சர்க்யூட் கிளார்க் சான்றளித்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் கூடிய கிராண்ட் ஜூரி, போதிய ஆதாரம் இல்லை எனக் கூறி குற்றம் சாட்ட மறுத்தது. கரோலின் 2023 ஏப்ரலில் இறந்தார். நீதி வழங்கும் காலம் கடந்துவிட்டது. ஆனால் அவரைக் கைது செய்ய 1955இல் சட்டப்படி ஆணை பிறந்தது, அது நிறைவேற்றப்படவில்லை என்பதற்கு இப்போது மூல ஆவணமே சான்றாக உள்ளது.

67 ஆண்டுகள் அந்தத் தாள் அதே கட்டடத்தில் இருந்தது. அது எந்தப் பெட்டியில் உள்ளது என்று சொல்ல ஒரு பட்டியல் இல்லாததே தடையாயிற்று. இன்று பல மாநிலங்கள் பழைய கட்டுகளைப் பிரித்து, நிமிர்த்தி, பெயரடைவு எழுதி, படமெடுத்து வருகின்றன. வர்ஜீனியா மாநில நூலகம் கவுண்டிகளின் பழைய சான்சரி வழக்குகளுக்கு அவ்வாறு பெயரடைவு செய்து இணையத்தில் வைத்துள்ளது. வழக்காடியவர் பெயரைக் கொண்டு இப்போது அவற்றை எங்கிருந்தும் தேடலாம். இன்னும் பிரிக்கப்படாத கட்டுகளுக்கு, கவுண்டி நீதிமன்றத்துக்கு நேரில் செல்வதே வழி.