கணவாயும் மேடும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்தில் செல்பவர், தாம் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வந்ததையே உணர்வதில்லை. ஜன்னலோரம் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும். விழிக்கும்போது கடைப் பலகைகளில் எழுத்து மாறியிருக்கும். அதே வழியைச் சைக்கிளில் சென்றவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். வாளையாற்றை நெருங்கும்போது காற்று அவரைப் பிடித்துக்கொள்ளும். மார்கழி, தை மாதங்களில் அது கீழ்க்காற்று. மேற்கே செல்பவரின் முதுகைத் தள்ளிக்கொண்டே போகும். தென்மேற்குப் பருவத்திலோ அதே இடைவெளி வழியாக மேல்காற்று எதிரே வந்து மார்பில் மோதும். சமதரையிலும் வண்டியை விட்டு இறங்கித் தள்ள நேரிடும். மலையில் ஒரு வாயில் திறந்திருக்கிறது என்பதை நிலப்படத்தைப் பாராமலே கால்கள் அறிந்துகொள்ளும்.

மாட்டு வண்டிக்கும் மோட்டாருக்கும் இடைப்பட்டது சைக்கிளின் வேகம். பழைய சாலைகளின் வரலாற்றை அறிய அதுவே ஏற்ற வேகம் என்பது என் கருத்து. தமிழகத்தின் எல்லைக்கு அப்பால், பாலக்காட்டுப் பகுதியிலும் இடுக்கி மலைகளிலும், தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் முன்னோர் வந்த வழிகள் இரண்டு. ஒன்று கணவாய், மற்றொன்று மேடு. இரண்டையும் இணைத்து, கோவையில் தொடங்கிப் போடிநாயக்கனூரில் முடியும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர்ப் பயணத்தை நல்ல சைக்கிள்காரர் ஐந்தாறு நாட்களில் முடிக்கலாம்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். மேற்குக் கடற்கரையில் முசிறியில் இறங்கிய யவனப் பொருளும் பொன்னும் கொங்கு நாட்டுக்கு வந்தது இவ்வழியேதான். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் ரோமானியப் பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் மணிகளைப் பட்டை தீட்டிய தொழிற்கூடங்களை அகழ்வாராய்ச்சியாளர்கள் கண்டனர். கேரளக் கரையில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழ்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. அவ்வூரே முசிறியாகலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். காசு கிடைத்த ஊருக்கும் சாடி கிடைத்த ஊருக்கும் இடையே இருந்தது இந்தக் கணவாய்.

கோவையை விட்டுப் புறப்படுமுன் சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் சிறிது தூரம் விலகிச் செல்வது நன்று. அங்கே ஒரு பாறையில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று சாலையின் பெயரைப் பொறித்த கல்வெட்டு உள்ளது. தமிழிலும் வட்டெழுத்திலும் எழுதியிருக்கிறார்கள். கிழக்கே இருந்து வருபவனும் மேற்கே இருந்து வருபவனும் படிக்கவேண்டும் என்ற எண்ணம் போலும். சோழன் முதலாம் ஆதித்தன் காலத்தது, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டினது, என்பர். இன்றைய நெடுஞ்சாலைத் துறையினர் இரண்டு மொழியில் பலகை நடுவதை நாம் புதுமை என்று எண்ண வேண்டியதில்லை.

பாலக்காட்டில் முதலில் கண்ணில் படுவது கோட்டை. 1766-இல் ஹைதர் அலி கட்டியது. பலமுறை கைமாறி 1790-இல் ஆங்கிலேயர் வசமானது. மைசூர்ப் படைக்கும் கும்பினிப் படைக்கும் இந்தக் கோட்டையின் மீது அவ்வளவு ஆசை ஏன் என்பதற்குக் கணவாய்க் காற்றே விடை. அடுத்து ரயில். மலபார்க் கரையின் முதல் இருப்புப் பாதை 1861-இல் பேப்பூரிலிருந்து திரூருக்குப் போடப்பட்டது. மறு ஆண்டே அது கணவாய் வழியாகப் போத்தனூரை எட்டிச் சென்னைப் பாதையோடு இணைந்தது. மலையைக் குடைய வேண்டிய தேவையே எழவில்லை.

இந்த வாயிலால் வந்து குடியேறிய தமிழரை அறியக் கல்பாத்திக்குச் செல்ல வேண்டும். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்பது நாம் கேட்டிருக்கும் பழமொழி. இலட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண் காசியிலிருந்து லிங்கம் கொணர்ந்து, பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொற்காசுகள் அளித்து, 1425-இல் விசுவநாதர் கோயிலை எழுப்பச் செய்தார் என்று கோயில் வரலாறு கூறுகிறது. ஆற்றங்கரையில் வரிசையாக அமைந்த அக்கிரகாரங்களில் காவிரிக்கரைத் தமிழ் மலையாளத்தோடு கலந்து இன்னும் ஒலிக்கிறது. நவம்பர் மாதத் தேர்த்திருவிழாவின்போது பம்பாயிலும் டில்லியிலும் உத்தியோகம் பார்க்கும் பாலக்காட்டுத் தமிழர் ஊர் திரும்புகின்றனர். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் பொருள் கொடுத்த ஒரு பெண்ணின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மலை ஏறும்போது இது நினைவுக்கு வரும்.

பாலக்காட்டிலிருந்து சித்தூர், கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சி நோக்கித் திரும்பும் சாலை சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்றது. இருபுறமும் நெல்வயல், வரப்புகளில் பனைமரங்கள், தெற்கே நெல்லியாம்பதி மலைச்சுவர். சித்தூரில் இந்தப் புழைக்குச் சோகநாசினி என்று பெயர். மலையாள மொழியின் தந்தை எனப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் இறுதிக் காலத்தைக் கழித்த மடம் அதன் கரையில் உள்ளது. அதே ஊர்ப் பகவதி கோயிலில் கொங்குப் படையை வென்ற நினைவாகக் ‘கொங்கன்படை’ என்ற விழா நடக்கிறது. கணவாய் வழியே வணிகர் மட்டுமா வந்தனர்?

இந்த அரை நாள் பயணத்தில் எத்தனை எல்லைகளைக் கடக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பாலக்காடு அன்றைய சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. சித்தூர் கொச்சி சமஸ்தானம். கொல்லங்கோடு மறுபடியும் மலபார். பொள்ளாச்சி கோவை ஜில்லா. 1949-இல் கொச்சி திருவிதாங்கூரோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது மலபாரும் சேர்ந்து கேரளமாயிற்று. எல்லைக்கல் நகர்ந்தது, வீட்டுக்குள் பேசும் மொழி நகரவில்லை.

உடுமலைப்பேட்டை வரையில் சாலையில் சொல்லத்தக்க சிரமம் எதுவும் இல்லை. அதற்குப் பின் வருவது சின்னாற்றுக் காடு. மழைமறைவுப் பிரதேசம் ஆதலால் முட்புதரும் வெயிலுமாக இருக்கும். யானைகள் நடமாடும் வழி. சோதனைச் சாவடியில் கேட்டறிந்து, வெயில் ஏறிய பிறகு, கூட்டமாகவே செல்ல வேண்டும். மறையூரில் பாறை மேல் நிற்கும் பெருங்கற்கால முனியறைகளும் சந்தனக் காடும் வழிப்போக்கரை நிறுத்திவிடும். காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களின் மக்கள், தம் முன்னோர் பாண்டி நாட்டில் ஏற்பட்ட போர்க் குழப்பத்துக்கு அஞ்சி மலையேறி வந்தவர் என்று சொல்வர். அவர்கள் பேசுவதும் தமிழே. தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே அங்கே உழுதவர்கள் அவர்கள்.

மறையூரிலிருந்து மூணாறு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இப்பொழுதுதான் மேடு என்பதன் பொருள் விளங்கும். ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கும். 1877-இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காப்பியும் சின்கோனாவும் வைத்துப் பார்த்து, இறுதியில் தேயிலையில் நிலைத்தனர். காடு வெட்டவும் கொழுந்து பறிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் முன்பணம் கொடுத்து மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களில் ஆள் திரட்டினர். போடியிலிருந்து கொட்டகுடி வந்து, அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதையில், பிள்ளையை இடுப்பிலும் பானையைத் தலையிலும் சுமந்து அவர்கள் ஏறினார்கள்.

அந்தப் பாதையின் உச்சிதான் டாப் ஸ்டேஷன். பெயரைக் கேட்பவர் அங்கே ரயில் நிலையத்தைத் தேடுவர். தேடுவது தவறன்று, ஒரு காலத்தில் இருந்தது. 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளத்தின் மேல், மாடுகள் இழுக்கும் வண்டித் தொடர் ஓடியது. 1908-இல் குறுகிய இருப்புப் பாதை போட்டு நீராவி என்ஜின் விட்டனர். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. தோட்டங்களுக்கு வேண்டிய அரிசி மேலே ஏறியது. 1924 ஜூலை மாதப் பெருவெள்ளம் அந்த ரயிலை ஒரேயடியாக அழித்துவிட்டது. பழைய ஆலுவாய்ச் சாலையும் அதோடு போயிற்று. நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை வந்தது. அங்கே பெரியாற்றின் மேல் 1935-இல் திறந்த வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது. ரயிலோ திரும்ப வரவேயில்லை. அதன் தடத்தின் பல பகுதிகள் இன்றைய டாப் ஸ்டேஷன் சாலைக்குள் மறைந்து கிடக்கின்றன. ஏற்றம் மிகாமல் நீண்டு செல்லும் இடங்களில் சைக்கிள்காரர் அதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஸ்பெயின் தேசத்தில் 1993 முதல், கைவிட்ட இருப்புப் பாதைகளைச் சீர்செய்து, ‘பசும்பாதைகள்’ என்று பெயரிட்டு நடப்பவர்க்கும் சைக்கிள்காரர்க்கும் விட்டிருக்கிறார்கள். பழைய நிலையங்கள் சில இடங்களில் விடுதிகளாகிவிட்டன. சிற்றூர்கள் வழியாகச் செல்லும் அப்பாதைகளில் எந்தச் சுரங்கத்துக்கு, எந்த ஆலைக்கு அந்த ரயில் ஓடியது என்பதைப் பயணி அறிந்துகொண்டு போகிறான். குண்டளைப் பாதைக்கும் அவ்வாறு ஒரு மரியாதை செய்யலாம். ஆனால் மன்றோவின் பெயரை மட்டும் பலகையில் எழுதிவிட்டு நின்றுவிடக் கூடாது.

ஏனெனில் இந்த மேட்டில் ஏறியவர்களுக்குக் கல்பாத்தியைப் போன்ற நினைவுக்கல் இல்லை. 1950-களில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் எந்த மாநிலத்தைச் சேர்வது என்ற வழக்கு எழுந்தபோது, அங்குள்ள தமிழர்கள் தோட்ட வேலைக்கு ‘வந்து போகிறவர்கள்’தானே என்று வாதம் செய்யப்பட்டது. கிளர்ச்சி நடந்தது; உயிர்களும் போயின. 1956-இல் இரு தாலுகாக்களும் கேரளத்தோடு சேர்ந்தன. 1972-இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தில் அவை உள்ளன. வந்தவர்கள் போகவில்லை. பேரனும் பேத்தியும் அதே லயன் வீடுகளில் பிறந்தனர். எனினும் வேலை உள்ளவரைதான் வீடு என்பது தோட்டத்து விதி. ஓய்வு பெற்றவருக்கு நிற்க நிலமில்லை. 2015 செப்டம்பரில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் போராடி 20 விழுக்காடு போனஸ் பெற்றனர். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மண் சரிந்து லயன் வீடுகள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களில் பலர் கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தார். தலைமுறைகள் கடந்தும் அவர்கள் வாழ்ந்த வீடு அவர்களுடையதாக இருக்கவில்லை.

மூணாற்றிலிருந்து தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்குச் செல்லும் சாலையில் தேயிலை குறைந்து ஏலக்காய்த் தோட்டங்கள் தொடங்கும். போடிமெட்டில் எல்லை. அங்கிருந்து பதினேழு கொண்டையூசி வளைவுகளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம். சைக்கிள்காரர் இரண்டு பிரேக்குகளையும் சோதித்துவிட்டே இறங்க வேண்டும். இடையிடையே நின்று சக்கரத்தின் சூட்டைத் தணிப்பதும் அவசியம். காலை வேளையில் இறங்குபவருக்கு எதிரே ஜீப்புகள் வரிசையாக ஏறி வரும். போடியிலும் சுற்றூர்களிலும் இருந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். மாலையில் அதே ஜீப்புகள் கீழே இறங்கும். போடிநாயக்கனூருக்கு 1928-இல் வந்த ரயில், அகலப் பாதைக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்து, 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகிறது. சைக்கிளைச் சரக்குக்கு ஒப்படைக்க முடியுமா என்பதை மட்டும் நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.