ஷாபந்தர் முதல் ஒற்றைச் சாளரம் வரை



வியாபாரி அரசாங்கத்தோடு முடிக்க வேண்டிய காரியங்களை ஒரே இடத்தில் முடித்துக் கொடுப்பதற்கு ‘ஒற்றைச் சாளரம்’ என்று பெயர். கணினியோடு வந்தது என்று பலர் நினைக்கிறோம். இந்த நாட்டில் அந்த யோசனைக்கு ஐந்நூறு வயதுக்கு மேல்.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்ததாகப் போர்த்துகீசியரான தோமே பிரேஸ் எழுதியிருக்கிறார். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனருக்கும் அண்டை நாட்டினருக்கும் ஒருவர். கப்பல் வந்ததும் மாலுமித் தலைவரைப் பெண்டஹாராவிடம் அழைத்துப்போவதும், சரக்குக்குக் கிடங்கு ஒதுக்குவதும், தங்க இடம் பார்ப்பதும் அவர்கள் வேலை. நம் கரையிலிருந்து போனவர் ஒருவரைத் தேடினால் போதும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் துறைகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகப்பு, ஒரு பாரம். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே முறைதான். சிலிம் ரிவர் கடைக்காரருக்கு உரிமத்துக்குத் தஞ்சோங் மாலிம், வியாபாரப் பதிவுக்கு ஈப்போ. 2016 ஜனவரியில் முவாலிம் தனி மாவட்டம் ஆகும்வரை மாவட்டத் தலைநகர் தாப்பா. என் அத்தா பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அன்று கடை அடைப்பு.

மாற்றம் துறைமுகத்தில் தொடங்கியது. 1989 ஜனவரியில் சிங்கப்பூர் ‘டிரேட்நெட்’ முறையைத் தொடங்கியது. நாட்கணக்கில் காத்திருந்து பெற்ற அனுமதி நிமிடங்களில் கிடைத்தது. இங்கே அதே ஆண்டு டாகாங் நெட் நிறுவப்பட்டது. 1990களின் நடுவில் கிள்ளான் துறைமுகத்தில் சுங்க அறிவிப்பு மின்வழிக்கு மாறியது. 2009இல் தேசிய ஒற்றைச் சாளரம் வந்தது. மிளகாய் வற்றல், மசாலாப் பொருள் இறக்குமதி செய்பவருக்கு இதன் அருமை தெரியும். சுங்கத்துறை, சுகாதார அமைச்சு, தாவரங்களைச் சோதிக்கும் துறை என்று அலைந்த காலம் அது. 2018 ஜனவரி முதல் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகள் சரக்கு எங்கே உற்பத்தியானது என்பதற்கான சான்றிதழைக் கணினிவழியே பரிமாறிக்கொள்கின்றன.

உள்நாட்டிலும் அப்படியே. நிறுவனப் பதிவும் வியாபாரப் பதிவும் 2002இல் ஒரே ஆணையத்தின் கீழ் வந்து, பிறகு இணையத்துக்குப் போயின. 2023 பிப்ரவரி முதல் சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்டவேண்டியதில்லை. கைப்பேசியில் காட்டினால் போதும். 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிய மின்விலைப்பட்டியல் படிப்படியாகச் சிறியவர்களிடமும் வருகிறது.

நன்மைதான். ஆனால் சென்ற ஆண்டு நம் ஊர்ப் பெரியவர் ஒருவரின் வியாபாரப் பதிவு காலாவதியாகியிருந்தது அவருக்கே தெரியாது. நினைவூட்டல், சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் திறந்துகொடுத்த மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. நாற்பது வருடம் நேர்மையாகக் கடை நடத்தியவர், தாம் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் தலைகுனிந்து சொன்னார்.

சாளரம் ஒன்றானாலும் அதன் அருகே நம் மொழி அறிந்த ஒருவர் தேவைப்படுகிறார். முன்பு ஷாபந்தர் இருந்தார். பின்னர் மனு எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கடிதம் வந்தால் சங்கத்துக்கு எடுத்துவந்து படிக்கச் சொன்ன பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஐம்பதாண்டு கண்ட சங்கத்தில் வாரம் ஒரு நாள், அஸருக்குப் பின், ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு இளைஞர்கள் போதும். மறைச்சொல்லை உரியவரே தட்டட்டும். மற்றதற்கு நாம் துணையிருப்போம். முதல் வாரத்துக்கு நான் வருகிறேன்.

அல்லாஹ் நம் சேவையை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.