"எப்படி இருக்கீங்க?" என்பதும் மருத்துவக் கேள்விதான்

1901-இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தபோது, ஊரே மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக் கொண்டிருந்தது. சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. தணிந்ததை எப்படி அறிந்தார்? மரணக் கணக்கைப் பார்த்தார். பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரல்களை எண்ணினார். மகத்தான பணிதான். ஆனால், அந்த அளவுகோலில் நோயாளியின் சொல்லுக்கு இடமில்லை. தோட்டத் தொழிலாளி பெரட்டில் வந்து நின்றால் சுகம், வராவிட்டால் நோய்!

1948-இல் நடப்புக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் சாசனம், உடல், மனம், சமூகம் மூன்றின் நலமும் சேர்ந்ததே ஆரோக்கியம் என்றது. சொல்லியாகிவிட்டது, அளப்பது எப்படி? அதற்கான வினாத்தாளை அந்நிறுவனம் உருவாக்கத் தொடங்கியதே 1991-இல்தான். தொடக்க மையங்களில் சென்னையும் ஒன்று. ஆகவே தமிழுக்கும் அதில் ஆரம்பத்திலேயே இடம் கிடைத்தது.

சுருக்க வடிவில் 26 கேள்விகள். சமூக உறவுக்கு மூன்றே மூன்று: உறவுகள், தாம்பத்தியம், நண்பர்களின் ஆதரவு. இரண்டாவதைப் பிரிக்பீல்ட்ஸ் பாட்டியிடம் யார் கேட்பது?

சிரிப்பு இருக்கட்டும். தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்த பெரியவருக்குச் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கலாம். லயத்துப் பக்கத்து வீட்டுக்காரரும், தோட்டத்துக் கோயில் திருவிழாவும் போனது எந்த இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. அந்த மூன்று கேள்விகளில்தான் தெரியவரும்.

அதிலும் ஒரு சிக்கல். "எப்படி இருக்கீங்க?" என்றால் அவர் "ஏதோ இருக்கேன்" என்பார். ஐந்தில் அது இரண்டா, நான்கா? சொன்ன குரலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்பவருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும்.