கட்டணம் கேட்காத கல்லூரி

குற்றவியல் பட்டம் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் கட்டணப் பட்டியலை நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. முதலில் நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரியின் கதையைச் சொல்வேன். இந்தப் பாடத்தைக் கற்பிக்கும் எனக்கு அது மிகவும் நெருக்கமான கதை.

அந்தக் கல்லூரிக்கு வெகு முன்பே அமெரிக்காவில் காவலர்களைக் கல்லூரிப் பக்கம் திருப்பியவர் பெர்க்லி நகரப் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர். பட்டம் எதுவும் பெறாத அவருடைய முயற்சியால் 1916-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் காவலர்களுக்கான கோடைக்கால வகுப்புகள் தொடங்கின.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1964-இல் காவலர்களுக்கென்றே ஒரு கல்லூரியை நிறுவியது. பின்னர் அதற்கு அந்நாட்டின் முதல் தலைமை நீதிபதி ஜான் ஜேயின் பெயரை வைத்தார்கள். பணிநேரம் மாறிக்கொண்டே இருக்கும் காவலரும் படிக்க வேண்டுமென்று, காலையில் நடத்திய பாடத்தையே மாலையிலும் நடத்தினார்கள். அந்த நகரின் பொதுக் கல்லூரியில் 1847 முதலே படிப்பு இலவசமாக இருந்தது. குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு காவலருக்கு இவை இரண்டும் சேர்ந்து எத்தனை பெரிய வாசலைத் திறந்திருக்கும்!

1968-இல் அமெரிக்க மத்திய அரசும் கைகொடுத்தது. அவ்வாண்டின் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, காவல் துறைப் பணிக்கென்று படிப்பவருக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் வரை கடன் கிடைத்தது. படித்து முடித்து அந்தத் துறையில் வேலை பார்த்தால் ஆண்டுக்கு 25 சதவீதம் தள்ளுபடி. நான்கே ஆண்டில் கடன் தீர்ந்துவிடும். அந்தப் பணம் வந்ததும் ஊருக்கு ஊர் குற்றவியல் துறைகள் முளைத்தன. ஓய்வுபெற்ற அதிகாரிகள் தங்கள் பணி அனுபவத்தையே பாடமாக நடத்திய இடங்கள் பல. 1978-இல் வெளிவந்த குற்றவியல் அறிஞர் லாரன்ஸ் ஷெர்மனின் அறிக்கை இதைக் கடுமையாகச் சாடியது. சாடியது நியாயமே. மலிவான பட்டம் கிடைத்தது, படிப்புக் கிடைக்கவில்லை என்ற நிலை மாணவருக்குச் செய்யும் துரோகம்.

அந்த அறிக்கைக்கு மூன்று ஆண்டுகள் முன்பே நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்குப் போய்விட்டது. 129 ஆண்டுகள் நீடித்த இலவசக் கல்வி 1976-இல் முடிவுக்கு வந்தது. ஜான் ஜே கல்லூரியையே மூடிவிடப் பார்த்தார்கள். கல்லூரித் தலைவர் ஜெரால்ட் லிஞ்சும் ஆசிரியர்களும் மாணவர்களும் போராடிக் காப்பாற்றினார்கள்.

2019-இல் உயர்த்தப்பட்டபோது, அங்கே இளநிலைப் படிப்புக்கு நியூயார்க் மாநிலத்தவர் கட்டும் ஆண்டுக் கட்டணம் 6,930 டாலர் ஆனது. வெளியிலிருந்து போகும் நம் பிள்ளைக்கு அப்போது ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு பாட அலகுக்கு, 620 டாலர். ஆண்டுக்கு 30 கிரெடிட் என்றால் 18,600 டாலர். ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர். உள்ளூர்க்காரருக்காக அரசு போடும் பங்கு நமக்குக் கிடையாது, அவ்வளவுதான். ஆகவே கட்டணங்களை ஒப்பிடும்போது உங்களுக்குப் பொருந்தும் தொகை எது என்று பாருங்கள். நீங்கள் சேரப்போகும் துறையில் முழுநேர ஆசிரியர் எத்தனை பேர் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.