காக்கா சுட்டவரும் ஷாட்கன் மைக்கும்

சென்னையில் பேசும்படம் எடுக்க ஆரம்பித்த காலத்தில், காக்கா சுடுவதற்கென்றே ஸ்டூடியோவில் ஒரு ஆள் இருந்திருக்கிறார். சினிமா வரலாறு எழுதிய ரேண்டார் கை இதைப் பதிவு செய்திருக்கிறார். செட்டுக்கு மேற்கூரை கிடையாது, வெயில்தான் விளக்கு. கதாநாயகன் வசனம் பேசும் நேரம் பார்த்து ஒரு காக்கா கரைந்தால் அந்த ஷாட் போச்சு, ஃபிலிமும் போச்சு. அதனால் கையில் துப்பாக்கியோடு ஒருவர் சம்பளத்துக்கு நின்றார்.

இது சென்னையின் தொல்லை மட்டும் இல்லை. 1931-இல் பம்பாயில் 'ஆலம் ஆரா' எடுத்தபோது ஸ்டூடியோவை ஒட்டி ரயில் பாதை. ரயில் ஓடாத நடுராத்திரி ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் காத்திருந்து படம் பிடித்தார்கள். அதே வருடம் அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்' படமும் அங்கே, அதே இம்பீரியல் கம்பெனியில் உருவானதுதான். 1934-இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீனிவாஸ சினிடோன் தொடங்கினார். அங்கே எடுத்த 'சீனிவாச கல்யாணம்' சென்னையில் உருவான முதல் தமிழ்ப் பேசும்படம். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் அவர்தான் என்கிறார்கள். பாட்டு, வசனம் எல்லாமே அப்போது கேமரா முன்னால் நேரடியாகத்தான். வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து வாசிப்பார்கள். மைக் எல்லாப் பக்கமும் காது கொடுக்கும். வேண்டியது வேண்டாதது என்று அதற்குத் தெரியாது.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிற மைக் செய்ய முடியுமா என்ற கேள்வி அமெரிக்காவில் 1930களிலேயே எழுந்துவிட்டது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் குழாய் வைத்த மைக்குகளை ஆராய்ந்தார். அந்த வழியில் வந்த எலக்ட்ரோ வாய்ஸ் 642 என்ற நீள மைக்குக்கு 1963-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. பிறகு ஜெர்மனியின் சென்ஹைசர். அவர்களுடைய 416, உலகம் முழுக்கப் படப்பிடிப்புத் தளங்களில் இன்றைக்கும் நீளக் கழியின் நுனியில் தொங்குகிறது.

நாம் போன வழி வேறு. கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்கு ஏ.வி. மெய்யப்பன் தமிழ்க் குரல் கொடுத்து 1944-இல் வெளியிட்டார். ஒரு முகத்துக்கு வேறு குரலைப் பொருத்தலாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதைப் பழக்கமாக்கியது கேமராதான் என்பது என் எண்ணம். ஸ்டூடியோவை விட்டு வெளியே போக இயக்குநர்களுக்கு உதவியது ஆரிஃப்ளெக்ஸ் 2சி. கைக்கு அடக்கம், எடை குறைவு, ஆனால் ஓடும்போது தையல் மெஷின் மாதிரி சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே வசனத்தை எடுப்பதைவிட, ஒப்புக்கு ஒரு 'பைலட் ட்ராக்' பிடித்து வைத்துக்கொண்டு, பிற்பாடு தியேட்டரில் உட்கார்ந்து பேசிவிடலாம். '16 வயதினிலே' (1977) தமிழ் சினிமாவை கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது என்று நாம் எல்லாரும் எழுதுகிறோம். கண் போனது உண்மை, காது சென்னையிலேயே தங்கிவிட்டது.

டப்பிங்கை நான் மட்டமாகச் சொல்லவில்லை. 'முதல் மரியாதை'யில் (1985) ராதாவுக்கு ராதிகா கொடுத்த குரலை யாரால் குறை சொல்ல முடியும்? அது தனிக் கலை. ஆனால் அது நடிகர்களின் கலை. உய்யாலிக்குப்பத்திலோ புதுப்பட்டினத்திலோ மீன் விற்கிற ஒரு அம்மாவைத் தன் வேஷத்தில் தானே நடிக்க வைத்தீர்கள் என்று வையுங்கள். நாலு மாதம் கழித்து அவரை இருட்டறையில் நிறுத்தி, "திரையில் உங்க உதடு அசையுது பாருங்க, அதே மாதிரி பேசுங்க" என்றால் பேச வராது. வேறு யாராவது பேசுவார்கள். மிஞ்சுவது அவர் முகம் மட்டும்தான். வாக்கியத்தின் முடிவை இழுக்கிற விதம், கூடையை இறக்கும்போது வருகிற மூச்சு எதுவும் இருக்காது. கல்பாக்கம் கரையில் படம் எடுக்கப்போகும் சில இளைஞர்கள் "குறைந்த விலையில் எந்த ஷாட்கன் மைக் வாங்கலாம்?" என்று என்னைக் கேட்டபோது இதுதான் முதலில் மனதில் வந்தது. அவர்கள் படத்தின் நாயகியும் அப்படி ஒருவர்தான்.

நேரடி ஒலி பெரிய படங்களுக்குத் திரும்பி வந்தது இந்த நூற்றாண்டில். இந்தியில் 'லகான்' (2001), தமிழில் 'விருமாண்டி' (2004). அண்மையில் 'கொட்டுக்காளி' (2024) பின்னணி இசையே இல்லாமல், இடத்தின் சத்தத்தை நம்பியே நின்றது. இருந்தும் நம் காது இன்னும் பழகவில்லை. 2022 ஜூலையில் அறிவித்த தேசிய விருதுகளில், படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவுக்கான விருது 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்குப் போனது. அது நேரடி ஒலிப் படங்களுக்கு மட்டுமே தருகிற விருது. படத்தின் ஒலி வடிவமைப்பாளரோ, "இது நேரடி ஒலிப் படமே இல்லை, டப்பிங் செய்தது" என்று வெளிப்படையாகச் சொன்னார். நடுவர் குழுவுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன!

கீழ்மட்டத்தில் மாற்றம் வேறு மாதிரி நடந்தது. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. அடுத்த வருடம் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குனர்'. போட்டோ கேமராவில் குறும்படம் எடுக்கும் அலை கிளம்பியது. சத்தமே போடாத கேமரா கடைசியில் கைக்கு வந்துவிட்டது, ஆனால் உள்ளே இருந்த மைக் படுமோசம். அந்த இடைவெளியில்தான் மலிவு மைக் சந்தை வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனம், பிறகு சீனாவிலிருந்து டாக்ஸ்டார், போயா. சென்ஹைசர் 416-இன் விலை ஒரு குறும்படத்தின் மொத்தச் செலவையே விழுங்கிவிடும். டாக்ஸ்டார் எஸ்.ஜி.சி. 598 சில ஆயிரம் ரூபாய்தான், ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும்.

இப்போது கல்பாக்கம் கரைக்கு வருவோம். ஷாட்கன் மைக்கைப் பலர் தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் மாதிரி நினைக்கிறார்கள். அது எதையும் இழுக்காது. குழாயின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் உண்டு. பக்கத்திலிருந்து வரும் சத்தம் ஒவ்வொரு துளை வழியாகவும் கொஞ்சம் முன்பின்னாக உள்ளே வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். நேராக வருவது மட்டும் தப்பிக்கும். ஆனால் குழாயின் நீளம், ஒலியலையின் நீளத்துக்கு ஈடாக இருந்தால்தான் இது நடக்கும். 25 செ.மீ. குழாய் ஏறக்குறைய 1,400 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இந்த வேலையைச் செய்யும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், இந்தக் குழாய் அதற்கு எம்மாத்திரம்? அலையின் அடிமுழக்கம், ஃபைபர் படகின் டீசல் எஞ்சின், கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் எல்லாம் தாராளமாக உள்ளே வரும்.

இதில் இன்னொரு சிக்கல். கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரை நிறுத்தி, கேமரா தலையில் மைக்கைச் செருகினால் அந்த மைக் யாரைப் பார்க்கிறது? பேசுபவரையும் கடலையும் ஒரே நேர்கோட்டில். எவ்வளவு விலை உயர்ந்த மைக்கானாலும் கடலைத்தான் அள்ளிக்கொண்டு வரும். அதே மைக்கைக் கழியில் கட்டி, ஃபிரேமுக்கு மேலிருந்து பேசுபவரின் நெஞ்சை நோக்கிக் கீழே சாய்த்தால் மைக் மணலைப் பார்க்கும், கடல் பக்கவாட்டுக்குப் போய்விடும். கூடவே தூரமும் குறையும். திறந்த வெளியில் இரண்டு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் குரல் 12 டெசிபெல் கூடும். கடல் சத்தம் அப்படியேதான் இருக்கும். எந்த மாடலை மாற்றினாலும் இந்த லாபம் கிடைக்காது.

அதனால் நான் சொன்ன கணக்கு இது. கையில் இருக்கும் காசில் பாதிக்கு மேல் மைக்குக்குப் போடாதீங்க. சுமாரான மைக் போதும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ரோட் என்.டி.ஜி. 2. பேட்டரியிலும் ஓடும், 48 வோல்ட் ஃபேன்டம் பவரிலும் ஓடும், தனி ரெக்கார்டர் பின்னால் வாங்கினாலும் வீணாகாது. மீதிக் காசில் நீள ஒயர், ஒரு ஹெட்போன், முக்கியமாக ரோமம் வைத்த காற்றுறை. கூடவே வரும் ஸ்பாஞ்ச் தொப்பி மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கிளம்பும் காற்றுக்குத் தாங்காது. கழிக்கு மூங்கில் போதும், அந்தக் கரையில் கிடைக்காததா?

வீட்டுக்குள் எடுக்கும் காட்சிக்கு இந்த மைக்கே வேண்டாம் என்றும் சொன்னேன். சுனாமிக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடுகளில் சுவருக்குச் சுவர் சத்தம் அடித்துத் திரும்பும். பக்கவாட்டிலிருந்து வரும் அந்த எதிரொலி குழாயில் நுழைந்து, குரலைத் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆக்கிவிடும். அங்கே சட்டையில் குத்துகிற போயா எம்1 போதும். ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும், ஆறு மீட்டர் ஒயரோடு வரும். சேலை உரசாமல் பார்த்துக்கொண்டால் சரி.

டச்சுக் கோட்டைக்குள் ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதி முன்கூட்டியே வாங்கணும். அணுமின் நிலையம் இருக்கிற திசையில் கேமராவைத் திருப்பவே வேண்டாம். விடியற்காலை காற்று எழும்புவதற்கு முன்னால் வசனக் காட்சிகளை முடித்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்வது நல்லது. எடிட்டிங்கில் ஒட்டுப்போட அது வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் காக்கா கரைந்தால் கரையட்டும்.