லான்சருக்கு எதற்கு வேஷம்?

போன செமஸ்டர் லீவு முழுக்க நகக்கண்ணில் கிரீஸோடு திரிந்ததைப் பார்த்து வகுப்பில் பல பேர் கேட்டுவிட்டார்கள், "அப்படி என்னதான்டா பண்றே கடலூர்ல?" என்று. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கார் பைத்தியம் இல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம், ஸ்பானரைவிட சரித்திரம்தான் இதில் அதிகம்.

கடலூர் முதுநகரில் என் மாமா வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதற்குள் தார்ப்பாய் போர்த்தி, மேலே பழைய சைக்கிள், கோணிப்பை, உடைந்த கிரைண்டர் எல்லாம் சுமந்துகொண்டு ஒரு கார் நின்றது. 1999 மாடல் மிட்சுபிஷி லான்சர், வெள்ளை நிறம், பெட்ரோல். மாமா அதை நெய்வேலியில் ஒரு டாக்டரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தார். 2015 நவம்பர் வெள்ளத்தில் சீட் மட்டம் வரைக்கும் தண்ணீர் ஏறியது. (அந்த நவம்பரைக் கடலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) இன்சூரன்ஸ் வெறும் தேர்டு பார்ட்டி, ஒரு பைசா வரவில்லை. அன்றைக்கு நின்ற வண்டி, பத்து வருஷம் அங்கேயே நின்றது.

இதைக் கிளப்பிப் பார்ப்போம் என்று நானும் என் ஹாஸ்டல் நண்பனும் இறங்கினோம். இறங்கிய முதல் நாளே சண்டை. அவனுக்கு இதை 'எவோ' ஆக்க வேண்டும். சிவப்பு பெயிண்ட், பானெட்டில் காற்றுத் துளை, டிக்கி மேல் பெரிய விங். மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மாப்ள, அது லான்சருடா. அதுக்கு எதுக்கு வேஷம்?"

அப்போது நானும் நண்பன் கட்சிதான். பிறகு வண்டியின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க மாமா பக்கம் சாய்ந்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

எவோ என்றால் லான்சர் எவல்யூஷன். உலக ராலி பந்தயத்தில் அப்போது 'குரூப் ஏ' என்று ஒரு விதி இருந்தது. ஒரு காரைப் பந்தயத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், அதே காரை 2,500 எண்ணிக்கையில் செய்து பொதுமக்களுக்கு விற்றிருக்க வேண்டும். ஜெயிக்க ஆசைப்பட்ட கம்பெனி, தன் சாதாரணக் குடும்பக் காரை எடுத்து அதற்குள் ராட்சசனைப் புகுத்தி, ஊருக்கு விற்றாக வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் எவோ. 2.0 லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் விசை, காகிதக் கணக்குக்கு 280 குதிரைத்திறன். (ஜப்பான் கம்பெனிகள் அதற்கு மேல் போவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. உண்மையில் சில வண்டிகள் கூடவே கக்கும் என்பது ஊரறிந்த ரகசியம்.) பின்லாந்தின் டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை நான்கு வருஷமும் உலக சாம்பியன் ஆனது இந்த வண்டிகளில்தான். அதிலும் 1998 பட்டம் சினிமா மாதிரி. அவர் கடைசிப் பந்தயத்தில் வண்டி உடைந்து வெளியேறிவிட்டார். போட்டியாளர் கார்லோஸ் சைன்ஸ் முடிக்க வேண்டியதுதான் பாக்கி. எல்லைக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது சைன்ஸின் டொயோட்டா எஞ்சின் உயிரை விட்டது. பட்டம் மாக்கினெனுக்கு!

விஷயம் என்னவென்றால், எவோ நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றுக்கும் அடிப்படையான உடல், 1995-ல் ஜப்பானில் வந்த லான்சருடையது. அதே தலைமுறை லான்சர்தான் 1998-ல் நம் திருவள்ளூரில் தயாராக ஆரம்பித்தது. மாக்கினென் அந்த உடம்பில் பறந்துகொண்டிருந்த அதே வருஷம், அதன் ஒன்றுவிட்ட தம்பி கூவம் கிளம்புகிற ஜில்லாவில் பிறந்துகொண்டிருந்தான்.

தயாரித்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். ஆமாம், அம்பாசடர் கம்பெனியேதான்! 1942-ல் தொடங்கி, வங்காளத்தின் உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அம்பாசடர் என்று பெயர் மாற்றி, பல்லாண்டு பல்லாண்டாகச் செய்துகொண்டிருந்தவர்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் அவர்கள் பிழைப்பு ஆட்டம் கண்டது. ஜப்பான்காரனோடு சேர்ந்த மாருதியை ஜப்பான்காரனோடு சேர்ந்துதான் எதிர்க்க முடியும் என்று மிட்சுபிஷியோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டுத் திருவள்ளூரில் ஆலை கட்டினார்கள்.

1998-ஐத் தமிழ்நாட்டுக் கார்களின் பொன் வருஷம் என்றே சொல்லலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவை வெளியிட்டது அந்த வருஷம். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை எழுந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் லான்சருக்குத் தனி மரியாதை. பெட்ரோல் வண்டியில் 1,468 சிசி எஞ்சின், சக்தி எண்பத்தைந்து குதிரைக்குப் பக்கம். எவோவின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் இன்றைக்கும் அந்தப் பிடிப்பைப் பற்றிப் பேசுவார்கள். டீசலிலும் ஒன்று வந்தது, 2 லிட்டர். கல்யாண வீட்டு வாசலில் லான்சர் நின்றால் பெண் வீட்டார் இன்னொரு முறை திரும்பிப் பார்த்த காலம் அது என்று அத்தை சொல்வார்.

பிறகு மெல்ல இறக்கம். ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் எல்லாம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை முகம் மாற்றின. லான்சர் மாறவில்லை. 2006-ல் செடியா வந்தது, நல்ல வண்டி, இந்திய ராலிகளில் பேர் வாங்கியது, ஆனால் விற்பனையில் தேறவில்லை. 2010-ல் எவல்யூஷன் பத்தையே இறக்குமதி செய்து விற்றுப் பார்த்தார்கள். 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நின்றது, அம்பாசடரும் முடிந்தது. திருவள்ளூர் ஆலை மட்டும் கைமாறிக் கைமாறிப் பிழைத்தது. கொஞ்ச காலம் இசுசு வண்டிகள் அங்கே தயாராயின. 2021-லிருந்து சிட்ரோயன். ஜப்பான் போய் பிரான்ஸ் வந்திருக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு 2022-ல் மூடியபோது ஊரே பேசியது. திருவள்ளூரில் மிட்சுபிஷி அடங்கியதை யாரும் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

சரி, கொட்டகைக்கு வருவோம்.

வெள்ளத்தின்போது மாமா செய்த ஒரே புத்திசாலித்தனம், தண்ணீர் வடிந்த பிறகு சாவி போட்டுப் பார்க்காதது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் காற்றைப் போல அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக டீசல் ஊற்றி நான்கு நாள் ஊற வைத்தோம். ஐந்தாம் நாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு இழுத்தால், முதலில் அசையவில்லை. பிறகு முனகிக்கொண்டே ஒரு சுற்று சுற்றியது. மாமா கொட்டகை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது.

எஞ்சின் பரவாயில்லை. எமன் துருதான். கடலூரில் வெள்ளம் வராத வருஷத்திலும் உப்புக்காற்று வரும். தரை கார்ப்பெட்டைத் தூக்கியபோது அடியில் வண்டல் மண் பாளம் பாளமாக இருந்தது. அதைச் சுரண்டினால் தரை இல்லை, கொட்டகை சிமெண்டு தெரிந்தது. ஸ்டெப்னி குழி சல்லடை. கதவுக்குக் கீழே ஓடுகிற விளிம்பு பார்க்க முழுசாக இருந்தது, டிங்கர் அண்ணன் விரலால் குத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. "பட்டி போட்டு மூடிடலாம் தம்பி, யாருக்கும் தெரியாது. ஆனா ரெண்டு மழைக்குத்தான்" என்றார். நாங்கள் வெட்டி எடுத்து புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னோம். பட்டி போடுவதைவிட மூன்று மடங்கு நாள், நான்கு மடங்கு காசு.

பீடிங், விளக்கு, கண்ணாடி இறக்கும் மோட்டார் எல்லாம் சென்னை புதுப்பேட்டையில் தேடினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்ததில் பாதி கிடைத்தது. ஈசியூ வேறு செத்திருந்தது. தொண்ணூறுகளின் மிட்சுபிஷி ஈசியூக்களில் கெபாசிட்டர் கசிவது உலகறிந்த வியாதி. எங்கள் வகுப்பு இசிஇ தோழி ஒருத்தி லேபில் வைத்து மூன்று கெபாசிட்டரை மாற்றிக் கொடுத்தாள். செலவு ஒரு டீ, இரண்டு சமோசாவுக்கும் கம்மி. இப்போது எங்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் எரிபொருள் செல்லும் பழைய ரப்பர் ஹோஸ்களை முழுக்க மாற்றிவிட்டோம். 1999-ல் செய்த ரப்பருக்கு எத்தனால் என்றால் யாரென்றே தெரியாது.

இதற்கு நடுவில் நண்பன் விடவில்லை. "ஜப்பான்லேர்ந்து நிஜ எவோவே கொண்டுவரலாம்டா" என்பான். முடியாது. மூன்று வருஷத்துக்கு மேல் பழசான காரை இறக்குமதி செய்ய நம் விதி இடம் தராது, வரி வேறு வண்டி விலையைத் தாண்டும். "அப்ப எஞ்சினை மட்டும் மாத்துவோம்" என்பான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே படுத்திருக்கிறது. கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. ஆகவே மிஞ்சுவது பெயிண்டும் ஃபைபரும்தான். அதாவது 85 குதிரை எஞ்சினுக்கு மேல் 280 குதிரை சட்டை.

ஒரு நாள் அவன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "கரிவர்தன் மட்டும் மாத்தலியா?" என்று. கோயமுத்தூர் கரிவர்தனைத் தெரியாதவர்களுக்கு: பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை, பந்தய வீரர். மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் எஞ்சினை (796 சிசி, பரம சாது) எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். கையில் பெரிய பணமில்லாத பையன்களும் பந்தயம் பழக அது வழி திறந்தது. நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் அந்தக் கார்களில் ஓட்டியவர்தான், 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை, 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

யோசித்துப் பார்த்தேன். கரிவர்தன் மாருதிக்கு ஃபெராரி வேஷம் போடவில்லையே! எஞ்சினை வெளியே எடுத்து, இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்தார், மாருதி என்ற பெயரையும் மறைக்கவில்லை. நாங்கள் செய்யப் போனது வேறு. எவோ ஆயிரக்கணக்கில் உலகம் முழுக்க இருக்கிறது, அதைப் பாதுகாக்க ஜப்பானிலிருந்து ஆஸ்திரேலியா வரை ஆள் இருக்கிறது. திருவள்ளூர் லான்சருக்கு யார் இருக்கிறார்கள்? மிஞ்சியதில் பாதி காயலான் கடைக்குப் போகிறது, மீதிப் பாதிக்கு எங்களைப் போல யாராவது ஃபைபர் விங் ஒட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் அசல் லான்சர் எப்படி இருந்தது என்று காட்டவே ஒன்றும் மிஞ்சாது.

"தரை புதுசு, ஹோஸ் புதுசு, கெபாசிட்டர் புதுசு, இதுல எங்கடா அசல்?" என்று அவன் விடாமல் மடக்கினான். சிதம்பரத்தில் படித்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா? ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நான்கு வீதியிலும் தேர் பார்க்கிறோம். சட்டம் இற்றால் சட்டம் மாற்றுவார்கள், சக்கரம் போனால் சக்கரம். யாராவது இது வேறு தேர் என்கிறார்களா? (திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே செய்து கொடுத்தது. பிரிவு 52 அதற்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். :-))

எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. முதல் பத்து நிமிஷம் கொட்டகை முழுக்க டீசல் புகை, பிறகு பூனை மாதிரி நின்று ஓடுகிறது. பெயிண்ட் பழைய வெள்ளையேதான். ஆர்.சி. காலாவதியாகிக் கிடக்கிறது. இருபது வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-ல் பத்தாயிரம் ஆகிவிட்டது, எஃப்.சி. காட்டிப் பாஸாக வேண்டும், அதுவரை ரோட்டில் இறக்க முடியாது. கொட்டகையிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து கொட்டகை வரை, அவ்வளவுதான் இப்போதைக்கு ராலி. பாஸானால் முதல் சவாரி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக நம் ஹாஸ்டல் வாசலுக்குத்தான். துண்டு போட்டு சீட் பிடிக்க நினைப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பானெட்டுக்குள் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பெயர் பொறித்த சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. மாமா தினமும் காலையில் அதை மட்டும் துணி போட்டுத் துடைக்கிறார். நண்பன் யாருக்கும் சொல்லாமல் வாங்கி வந்த ஃபைபர் விங்கும் வீட்டில்தான் இருக்கிறது. அத்தை அதை மாடியில் இரண்டு செங்கல் மேல் வைத்துக் கருவாடு காயப் போடுகிறார்.